மை படாத நட்சத்திரம்

"இந்தத் தடவை தகட்டுல கையெழுத்து நான்தான் போடுவேன்."

சொல்லிவிட்டாள். எந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்களோ, அதே பேச்சைக் காலை வேளையில், முகம் கழுவிய ஈரம்கூடக் காயாமல், பட்டறையின் நடுவில் நின்று எடுத்துவிட்டாள்.

தகட்டின் மேல் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை பாதியில் நின்றது. சூட்டில் அச்சை அழுத்தும் ஹீட் பிரஸ் பக்கம் நின்ற அப்பா திரும்பவில்லை. ஆனால் அவர் முதுகு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"என்னடி சொன்னே?"

"காதுல விழுந்துச்சுல்ல?"

"விழலைன்னு வெச்சுக்கறேன். போய் வேலையைப் பாரு."

"ரெண்டு வருஷமா விழலைன்னுதானேம்மா வெச்சிருக்கே."

தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தச் சத்தியம் நினைவிருக்கும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. கடைப் பலகை, கதவு எண், பெயர்த் தகடு என்று உலோகத்தில் எழுத்தும் படமும் ஏற்றுவது தொழில். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் காலை வைத்தவள் இந்தச் சின்னவள். இயற்பியல். அதனால் அவளுக்கு வீட்டில் 'டிகிரி' என்றே பெயர். பாதி பாசம், பாதி குத்தல்.

தொலைநோக்கிகள் எடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டு வைக்கும் படங்கள் இருக்கின்றன. நிறமே இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நிறம் பிரித்து, அடுக்கி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, டிகிரி ஒரு நெபுலாவை, வானத்து வாயு மேகம் ஒன்றின் படத்தை, செய்தாள். வீணாகிப் போன தகடு ஒன்றில் அதை அப்பா ஏற்றிக் கொடுத்தார். வாசலில் சாய்த்து வைத்த அரை நாளில், தெருவில் போனவர்கள் உள்ளே வந்து விலை கேட்டார்கள்.

அந்த நாட்களில் அண்ணன் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். வேலை போனதிலிருந்து அப்படித்தான். வைத்த தட்டு வைத்தபடியே திரும்பி வரும். ஒருநாள் அப்பா கதவை உடைத்துத்தான் அவனை வெளியே கொண்டுவந்தார். அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. கதவை மட்டும் திரும்ப மாட்டவில்லை.

"ஒரு கையெழுத்துதானேடி. அவனைப் போடச் சொல்லு. நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னா எந்திரிச்சு உக்காருவான்." அம்மா காலில் விழாத குறை. டிகிரி சரி என்றாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நடந்தான், நடந்தவன் பேட்டி கொடுத்தான். இப்போது ஊருக்கு அவன் 'ஆர்ட்டிஸ்ட்'. அதைத் திருப்பிக் கேட்கவே கூடாது என்பதுதான் சத்தியம்.

போன வாரம் வந்த போன் எல்லாவற்றையும் குலைத்துப் போட்டது.

வேறொரு நகரத்தின் விண்ணாய்வுக் கூடம். அங்கே படம் செய்யும் பிரிவில் ஒரே ஒரு இடம். டிகிரி தன் வேலைகளை அனுப்பியிருந்தாள். பிரிவின் தலைவி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க அனுப்பின படமெல்லாம் கடையில வேற ஒருத்தர் கையெழுத்தோட விக்குது. யார் யாருதைத் திருடினாங்கன்னு எங்களுக்குத் தெரியணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன். அவரே ஒரு வார்த்தை சொல்லட்டும், நாங்க அத்தோட விட்டுடறோம். அது முடியலைன்னா நீங்க நேர்ல வாங்க. நாங்க தர்ற படத்தை எங்க முன்னாடி உக்காந்து செஞ்சு காட்டுங்க. ஆனா ஒண்ணு, நீங்க செஞ்சு காட்டிட்டா, அவர் பேர்ல வந்தது எல்லாம் போலின்னு நாங்க வெளியில சொல்லித்தான் ஆகணும்."

"ரெண்டுமே இல்லைன்னா?"

"உங்களைத் திருடின்னு குறிச்சுக்குவோம். அப்புறம் இந்தத் துறையில எந்தக் கதவும் உங்களுக்குத் திறக்காதும்மா."

போனில் கேட்டதை அவள் அன்றே வீட்டில் சொல்லியிருந்தாள்; கையெழுத்தைத் திருப்பிக் கேட்டது மட்டும் இன்றுதான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"அவன் ஒரு வார்த்தை சொன்னா போதும்மா," என்றாள் டிகிரி. "கடைக்காரங்ககிட்ட வேணாம், பேட்டி எடுத்தவங்ககிட்ட வேணாம். போன் பண்ணின அந்த மேடம்கிட்ட மட்டும்."

"இன்னிக்கா? இன்னிக்குத்தான் உனக்கு வாயைத் திறக்க நாள் கிடைச்சுதா? மத்தியானம் படத்தைப் பாக்கக் கோளரங்கத்துல இருந்து வர்றாங்க. அவங்க முன்னாடி அவன் நின்னு கையெழுத்துப் போடணும். அவன் மனசை இப்போ நீ கலைச்சே..." அம்மா முடிக்கவில்லை. உரித்த தாளைச் சுருட்டிச் சுருட்டி விரல் அளவுக்கு ஆக்கினாள். "அந்த ரூமை மறந்துட்டியா?"

மறக்கிற ரூமா அது. அந்த ஒரு கேள்வியால்தான் இரண்டு வருடமாக அவள் வாயை அடைத்து வைத்திருந்தார்கள்.

"நான் திருடின்னு பேர் வாங்கினா உனக்குப் பரவால்லையாம்மா?"

"நீ தாங்குவே. அவன் தாங்க மாட்டான்."

கேட்டீர்களா? தாங்குகிறவள் தலையில்தான் எப்போதும் பாரம் ஏறும். நன்றாகப் படித்தது குற்றம், திடமாக இருந்தது அதைவிடப் பெரிய குற்றம்.

அப்பா தன் வேலையைப் பார்த்தார். ஒரு விடுதிக்கான கதவு எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். காகிதத்தில் எழுத்து எப்போதும் இடம் வலம் மாறித்தான் அச்சாகும். தகட்டின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டுச் சூட்டில் அழுத்தினால் நேராக வந்துவிடும். வாழ்நாள் முழுக்கத் திரும்பிய எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அப்பா செய்தித்தாளைவிட அதைத்தான் வேகமாகப் படிப்பார். பிழை இருந்தால் அழுத்தும் முன்பே நிறுத்திவிடுவார். அவர் கையில் ஒரு பலகைகூடத் தலைமாறிப் போனதில்லை.

* * *

கோளரங்கத்துக்கான படம் ஆறு பெரிய தகடுகள். சேர்த்து வைத்தால் ஒரு முழுச் சுவர். நேற்றே ஏற்றி முடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கியிருந்தார்கள். அந்த போன் வந்ததிலிருந்து டிகிரி வேலையைத் தொடாததால், கணினியில் இருந்த படத்தை எடுத்து அச்சுக்கு அனுப்பியது அண்ணன்தான். "எனக்குத் தெரியாதா? பெரிய ராக்கெட் விடற வேலை பாரு," என்று வேறு சொன்னான்.

அப்பாவும் அவளும் தகடுகளைத் திருப்பி, ஒன்றோடொன்று சேர்த்துச் சாய்த்தார்கள்.

நீலமும் செம்பும் பச்சையுமாக அது சுவரை நிறைத்தது. 'கோள் நெபுலா' என்று அதற்குப் பெயர். கோளுக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பழைய காலத்துத் தொலைநோக்கியில் உருண்டையாகத் தெரிந்ததைப் பார்த்து யாரோ வைத்த தவறான பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் அது சாகப்போகிற நட்சத்திரம் உதறிவிட்ட தோல். உலகம் அந்தத் தோலைப் பார்த்துத்தான் வாயைப் பிளக்கிறது. தோலுக்கு வெளிச்சம் கொடுப்பது நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பொட்டு.

டிகிரி ஒரு எட்டு பின்னால் போய் மறுபடி பார்த்தாள்.

நெபுலாவின் ஓரத்திலிருந்து ஒரு கீற்று வால் போல நீளும். அது இடது பக்கம் இருக்க வேண்டும். இங்கே வலது பக்கம் நீண்டிருந்தது.

நடந்தது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. படத்தைத் திருப்ப வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரியும். திருப்பியிருக்கிறான். ஆனால் அச்சடிக்கும் மென்பொருள் தானாகவே ஒருமுறை திருப்பும்படி அவள் எப்போதோ அமைத்து வைத்திருந்தாள். இரண்டு தடவை திரும்பிய படம் காகிதத்தில் நேராக விழுந்திருக்கிறது. தகட்டில் இடம் வலம் மாறிவிட்டது. எழுத்தாக இருந்தால் முதல் தகட்டிலேயே அப்பா பிடித்திருப்பார். நெபுலாவில் எது இடம், எது வலம்? ஆறும் அப்படியே ஏறிவிட்டன.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோளரங்கத்திலிருந்து வருகிறவர்கள் கண்டுபிடிக்கட்டும், எல்லார் முன்னாலும் அவன் முகத்தில் கரி வழியட்டும் என்று அவளுக்குள் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

* * *

கோளரங்க இயக்குநர் குள்ளமான, நரைத்த தலைப் பெண்மணி. வந்தவுடன் நாற்காலி வேண்டாம் என்றார். நேராகத் தகடுகளிடம் போய் நின்றார்.

அண்ணன் கறுப்புச் சட்டை போட்டிருந்தான். பையில் வெள்ளிப் பெயின்ட் பேனா. கையெழுத்துக்குத் தயார்.

"நடுவுல அந்த நட்சத்திரம் எப்படி இப்படி ஜொலிக்குது?" என்று கேட்டார் இயக்குநர். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். அவர் அசைய அசைய அதுவும் மின்னியது.

"வெள்ளை மை மேடம். ஸ்பெஷலா வரவழைச்சது."

அப்பா இருமினார். அந்த இயந்திரத்தில் வெள்ளை மையே கிடையாது. அந்த இடத்தில் டிகிரி எந்த மையையும் விடவில்லை. அது வெறும் தகடு. சுற்றிலும் அத்தனை நிறத்தையும் கொட்டிவிட்டு, நடுவில் ஒன்றுமே செய்யாமல் விட்ட இடம்தான் கண்ணைப் பறித்தது.

இயக்குநர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இந்த வாலை ஏன் இந்தப் பக்கம் வெச்சீங்க?"

"எது மேடம்?"

"இது."

அண்ணன் தகட்டைப் பார்த்தான். முதன்முதலாக இப்போதுதான் பார்க்கிறவன் போலப் பார்த்தான். "அது... அது என்னோட பார்வை மேடம். ஆர்ட்டிஸ்டா நான் அதை அப்படி..."

"இந்த ஒரு நெபுலாவைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைச்சுது. உங்க பார்வைக்காக வானம் திரும்பிப் படுக்காதே தம்பி."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. உதட்டில் இருந்த சிரிப்பு மட்டும் எடுக்க மறந்ததுபோல அங்கேயே நின்றது. அவன் கண் இவளைத் தேடியது. அந்தக் கண்ணை டிகிரிக்குத் தெரியும். உடைத்த கதவுக்குப் பின்னால் பார்த்த கண்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே உள்ளே ஒருத்தி, அவள் எழுந்து ஓடிவிட்டாள்.

"கண்ணாடியில பாக்கற மாதிரி ஆயிடுச்சு மேடம்," என்றாள் டிகிரி. "ரெண்டு தடவை திரும்பிடுச்சு. வால் இடது பக்கம்தான் வரணும். வலது பக்கம் தெரியற அந்தச் சிவப்பு நட்சத்திரமும் இடது பக்கம்தான் இருக்கணும்."

இயக்குநர் சட்டென்று இவள் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

"எங்க பொண்ணுதாங்க," என்று அம்மா முந்திக்கொண்டாள். "பேக்கிங் பாக்குது."

பேக்கிங்.

"ஆமா மேடம், பிரஸ்ல நடந்த தப்பு," அண்ணனுக்கு மூச்சு வந்துவிட்டது. "அப்பா மாத்தி அழுத்திட்டாரு. வயசாயிடுச்சு இல்லையா? நான் சொல்லிட்டே இருக்கேன், கவனமாப் பாருங்கன்னு."

பிரஸ்ஸில் ஒரு படத்தைத் திருப்பவே முடியாது. கவிழ்த்து வைத்தால் காகிதத்தில் உள்ளது விழும், அவ்வளவுதான். அது அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். இயக்குநருக்கு மட்டும் தெரியாது.

அப்பா கீழே பார்த்தார். சூடுபட்டுத் தடித்த விரல்களைத் துணியில் துடைத்தார். அவற்றில் அழுக்கே இல்லை.

"ஆமா மேடம். என் தப்புதான்."

"நாளைக்குக் காலைல வண்டி அனுப்பறேன்," என்றார் இயக்குநர். "சரியான பக்கம் இருந்தா ஏத்திக்குவாங்க. இல்லைன்னா வெறும் வண்டியாத் திரும்பிடும். அப்புறம் நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." வாசல் வரை போனவர் நின்று டிகிரியைப் பார்த்தார். "பேக்கிங் பண்ற பொண்ணுக்கு வானம் நல்லாத் தெரியுதே."

அம்மா அவரை வழியனுப்ப ஓடினாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

* * *

சாயங்காலம் போன் அடித்தபோது டிகிரி பின்னறையில் இருந்தாள். அண்ணன் கட்டில் ஓரத்தில் கறுப்புச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, அவங்கதான். எடு."

"என்னன்னு சொல்றது?"

"'என் தங்கச்சி செஞ்சது.' அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம். நீ ஆர்ட்டிஸ்டாவே இரு, பேட்டி குடு, கறுப்புச் சட்டை போடு. எனக்கு அந்த ஒரு வரி போதும்."

"சொல்லிட்டா நான் யாருடி?"

 போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"நீ போயிடுவே. உனக்குப் படிப்பு இருக்கு, தைரியம் இருக்கு, திட்டறதுக்கு ஒரு வாய் இருக்கு. எனக்கு இந்தக் கையெழுத்தை விட்டா என்ன இருக்கு? காலைல எந்திரிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல? அது பொய்யா இருந்தாலும்..."

"நான் உன்னை எழுப்பத்தான் அதைக் கொடுத்தேன். என் தலைமேல ஏறி நிக்கறதுக்கு இல்ல."

"கோவப்படாதடி."

"நாளைக்கு என்னைத் திருடின்னு எழுதப் போறாங்க. நான் கோவப்படாம வேற என்ன பண்ணணும், பாட்டுப் பாடவா? எடுண்ணா. உன் காலைப் பிடிக்கறேன், எடு."

நிஜமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் எதற்கும் குனியாதவள், அவன் முழங்காலில் போனை வைத்து அழுத்தினாள். அண்ணன் எடுத்தான். விண்ணாய்வுக் கூடத்துத் தலைவியின் குரல் மெல்லியதாக வெளியே கேட்டது. நிதானமாகக் கேள்வியைக் கேட்டு முடித்தது.

அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். 

"ராங் நம்பர்," என்று சொல்லிவிட்டுத் துண்டித்தான்.

டிகிரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உண்மை சொல்ல மாட்டான் என்று பயந்திருந்தாள். பொய் சொல்வானோ என்றும் பயந்திருந்தாள். இப்படி ஒன்று அவள் கணக்கிலேயே இல்லை. இரண்டு வருட உழைப்பை, ஒரு பெண்ணின் எதிர்காலத்தை, தப்பாக வந்த போன் என்று கீழே வைத்துவிட்டான்.

அவன் போனைப் படுக்கையில் போட்டுவிட்டு மெல்லச் சாய்ந்தான். காலை மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாரு, மறுபடி திரும்பிட்டான். பாத்தியா? நான் சொன்னேன்ல?" அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு பிடியை விடாமலே குரலை இறக்கினாள். "தகட்டை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடும்மா. உன்னால மட்டும்தான் முடியும். இந்த வேலையும் போச்சுன்னா அவன் எந்திரிக்கவே மாட்டான்."

உன்னால மட்டும்தான் முடியும். இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். சொன்ன நேரத்தைப் பாருங்கள்.

"பண்றேன்," என்றாள் டிகிரி.

எழுந்து முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். அந்தத் தூசியைத் தட்டியபோதே முடிவு எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் அது தெரியவில்லை.

* * *

படத்தைத் தன் மூல அடுக்குகளிலிருந்து புதிதாக எடுத்தாள். வால் இடது பக்கம் வந்தது. நடு நட்சத்திரத்தில் மை இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பெருக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தன் கையெழுத்தைப் போட்டு, போனில் படம் எடுத்து, ஆறாவது தகட்டின் வலது கீழ் மூலையில் வைத்தாள். அண்ணன் வெள்ளிப் பேனாவால் போடுகிற இடம். பேனாவில் போட்டதைத் துடைக்கலாம். சூட்டில் ஏறினால் தகட்டோடு தகடாகிவிடும். சுரண்டினால் படமும் சேர்ந்துதான் போகும்.

அப்பா எப்போதும் உபரியாக ஒரு செட் தகடு வாங்கி வைப்பார். போக்குவரத்தில் கீறல் விழும் என்ற பயம். இன்றைக்கு அந்தப் பயம் உதவியது.

அம்மா பாதுகாப்புத் தாளை உரித்தாள். அப்பா காகிதத்தைக் கவிழ்த்து, நகராமல் ஓரத்தில் டேப் ஒட்டி, பிரஸ்ஸை இறக்கினார். பீப் சத்தம் வந்ததும் தூக்கி, சூட்டோடு காகிதத்தை ஒரே இழுப்பில் உரித்தார். காகிதத்தில் செத்துக் கிடந்த நிறம் தகட்டில் உயிர் பிடித்து எழுந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் டிகிரி அந்த ஒரு கணத்துக்காகக் கைவேலையை விட்டுவிட்டு நிற்பாள். இன்றும் நின்றாள்.

ஐந்து தகடு முடிந்தது.

ஆறாவது காகிதத்தை அப்பா கையில் எடுத்தார். வழக்கம் போல விளக்குக்கு நேரே பிடித்தார். மங்கிய நீலம், மங்கிய செம்பு. மூலையில், திரும்பிய எழுத்தில், மங்கலாக ஒரு கையெழுத்து.

அம்மா பார்த்திருந்தாலும் கிறுக்கல் என்றுதான் நினைத்திருப்பாள். உலகத்தில் அதைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் படிக்கக்கூடிய ஒரே ஆள் கையில்தான் அது இருந்தது. டிகிரி இதை யோசிக்காமல் இல்லை. வேறு வழிதான் இல்லை.

அப்பாவின் கண் மூலைக்குப் போனது. நின்றது.

எழுத்துப் பிழை இருந்தால் இந்த இடத்தில்தான் நிறுத்துவார். காகிதத்தைக் கசக்கி ஓரமாகப் போடுவார். 

"என்னங்க, ஏதாவது தப்பா?" என்றாள் அம்மா.

அப்பா மகளைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்த்திருக்கவில்லை.

"இல்ல," என்றார். "இது சரியாத்தான் இருக்கு."

காகிதத்தைக் கவிழ்த்தார். மற்ற ஐந்துக்கும் ஒட்டியதைவிட இதற்கு ஒரு துண்டு டேப் அதிகமாக, அந்த மூலையில் ஒட்டினார். கைப்பிடியைப் பிடித்து முழு பலத்தோடும் கீழே இறக்கினார்.

டிகிரி காத்திருக்கவில்லை. மேசையடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மடிக்கணினி, ஒரு மாற்றுத் துணி, சார்ஜர். அவ்வளவுதான் இருந்தது.

"எங்கடி கிளம்பிட்டே?" அம்மாவின் குரல் கீறியது. "ஏங்க, பை எடுத்துட்டுக் கிளம்பறா பாருங்க! நேர்ல போய் நின்னா உங்க அண்ணனை ஊரே போலின்னு சொல்லும்டி! அவன் செத்துடுவான்டி!"

"இங்கயே இருந்தா நான் செத்துடுவேன்மா. அதை யாராவது ஒருநாள் சத்தமா சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

"போனா இந்த வீட்டுப் பக்கம் வராதே!"

"வழிய விடு," என்றார் அப்பா. பிரஸ்ஸின் கைப்பிடியில் இருந்து கையை எடுக்காமல், அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "அவளுக்கு நேரமாச்சு."

அம்மா விலகவில்லை. ஆனால் கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்த இடைவெளி போதும்.

இரவில் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டால், தெருவுக்குப் போகும் வழி வீட்டுக்குள் பின்னறையை ஒட்டித்தான். கதவில்லாத அறை. அண்ணன் அதே நிலையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"அந்த வால்," என்றான் சுவரிடம். "எந்தப் பக்கம்டி வரணும்?"

இரண்டு வருடத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி.

டிகிரிக்குப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டே சொல். பழக்கம். அவனுக்காகச் சொல்லிச் சொல்லி, செய்து செய்து பழகிப்போன நாக்கு. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள்.

"எந்திரிச்சுப் போய்ப் பாரு."

படியிறங்கித் தெருவில் கால் வைத்தபோது, உள்ளே பிரஸ் பீப் என்று கத்தியது. அப்பா அதைத் தூக்குவார், சூட்டோடு உரிப்பார். அவள் நடந்துகொண்டிருந்தாள்.